29 ரசீதுகள்

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தபோது யாரும் அதிகம் யோசிக்கவில்லை. "தம்பி அக்கவுண்ட்ஸ்லதானே வேலை செய்றாரு, அவரே பாத்துக்கட்டும்" என்றார் ஒரு மூத்தவர். எல்லாரும் கை தூக்கினார்கள். முடிந்தது. அது 2015. கிள்ளானில் வீடு, கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் அலுவலகம், காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நானும் நம்பினேன்.

சபையின் பெயர் இங்கே வேண்டாம். தவறு அதனுடையது இல்லை.

வாலிபர் நிதி என்பது பெரிய பணமில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் கீதம் பாடி வாங்கிய காணிக்கை, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நாசி லெமாக் பொட்டலமும் கறிப்பாப்பும் விற்றுச் சேர்த்த காசு. இரண்டு ஆண்டுகளில் 11,600 வெள்ளி சேர்ந்திருந்தது. போர்ட்டிக்சனில் நான்கு நாள் முகாம் நடத்த வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பல பேருக்கு அதுதான் பெற்றோர் இல்லாமல் போகும் முதல் வெளியூர்ப் பயணமாக இருந்திருக்கும்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்: தலைவருடையது, என்னுடையது. தலைவருக்கு ஜொகூருக்கு வேலை மாற்றம் வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்து போக முடியாது என்று நான்கு காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அலுவலகத்தில் எந்த வாடிக்கையாளராவது இப்படிச் செய்திருந்தால் அறிக்கையில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். இங்கே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

2016 கடைசியில் இடைநிலைப் பள்ளி நண்பன் ஒருவனைத் தெங்கு கிளானா சாலையில் ஓர் உணவகத்தில் சந்தித்தேன். அந்நியச் செலாவணி வர்த்தகம், மாதம் 8 விழுக்காடு, அசல் பத்திரம் என்றான். 8 விழுக்காடு எந்தக் கணக்கிலும் வராது என்று தெரிந்தவன் நான். இருந்தும் என் சொந்தப் பணம் 5,000 வெள்ளியைப் போட்டேன். முதல் மாதம் 400 வெள்ளி வந்தது. இரண்டாவது மாதமும் 400 வந்தது. மூன்றாவது மாதம் முகாம் பணத்தை எடுத்துப் போட்டேன்.

அப்போது எனக்குள் நான் சொல்லிக்கொண்ட நியாயங்களை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. திருடவில்லை, மூன்று மாதத்துக்குச் சுழற்றுகிறேன். பணம் வங்கியில் சும்மாதானே கிடக்கிறது. வரும் லாபத்தில் பாதியை நிதிக்கே கொடுத்துவிடலாம், பிள்ளைகள் கேமரன் மலைக்கே போகலாம். ஜெபம்கூடச் செய்தேன். "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்று.

2017-இல் நம் நாட்டில் இப்படிப்பட்ட பணத் திட்டங்கள் பல அடுத்தடுத்துச் சரிந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்களுடையதும் சரிந்தது. முதலில் "கணினி மேம்பாடு" என்றார்கள். பிறகு அகப்பக்கம் திறக்கவில்லை. புலனக் குழுவில் முந்நூறு பேர் இருந்தோம். ஒரே இரவில் நிர்வாகிகள் எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்து பார்த்தேன்.

*

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், பிள்ளையைத் தகப்பன் சிட்சிப்பதுபோலக் கடவுளும் தம் பிள்ளைகளைச் சிட்சிக்கிறார் என்று வரும். கிறிஸ்தவ வீடுகளில் இதைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சிட்சை வரும்போது இரண்டு விதமாக நாம் தவறிப்போகலாம் என்று அதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒன்று, அதை அற்பமாக எண்ணித் தட்டிவிடுவது. இன்னொன்று, அதற்கடியில் சோர்ந்து விழுந்துவிடுவது. நான் இரண்டையும் செய்தேன், அதுவும் வரிசை தவறாமல்.

முதல் இரண்டு மாதம் தட்டிவிட்டேன். "எல்லாருக்கும்தான் போச்சு" என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. போலீஸ்காரர், ஆசிரியர், மருந்தகம் வைத்திருந்தவர் என்று படித்தவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்களே! முகாமுக்கு இடம் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நம்பினார்கள். நிதியை யாருக்கும் தெரியாமல் நிரப்பிவிட இரண்டு கடன் அட்டைகளில் 6,000 வெள்ளி ரொக்கமாக எடுத்தேன், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில். அதில் பாதி காடி தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விட்டது. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் எண் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். அழைக்கவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.

ஜூன் மாதம் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கி. அவனுக்கு அப்போது நான்கு வயது. நாட்டிலேயே டெங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர்; எங்கள் தாமானில் அந்த மாதம் மட்டும் பல வீடுகளில் படுத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். தட்டணுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்கும்போதும் இறங்கிக்கொண்டே போனது. காய்ந்த உதட்டோடு கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதுதானே என் தொழில். நான் எடுத்தது 11,600. கடவுள் எடுக்கப்போவது இவன்.

அந்த வார்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் அம்மையார் கட்டில் கட்டிலாகப் போனார். நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார். எங்கள் கட்டிலருகே நின்று, "ஏதோ ஒன்னு இருக்கு தம்பி. ஆண்டவர் சிட்சிக்கிறாரு. என்னான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு எப்படித் தெரிந்தது? பத்து நிமிடத்தில் அடுத்த கட்டிலில் இருந்த இளம்பெண்ணிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். அந்தப் பெண்ணின் குழந்தைக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். பணத்தைப் பற்றிச் சொல்லாமல், என் பாவத்துக்காகப் பிள்ளைக்கு இப்படி வந்துவிட்டதோ என்று மட்டும் சொன்னேன். அம்மா சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "பிள்ளைய அடிச்சு அப்பனுக்குப் பாடம் சொல்ற சாமிய நான் கும்புடல. மொதல்ல சாப்புடு."

வேதத்தில் அம்மாவின் வார்த்தைக்கு எதிராகக் காட்டக்கூடிய இடங்கள் உண்டு. தாவீது ராஜா செய்த பாவத்துக்குப் பிறகு அவர் குழந்தை இறந்த கதை இருக்கிறது. அதை எப்படி விழுங்குவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்ததும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உதவி அத்தோடு சரி. வாய் திறந்ததும் கெட்டது. சிட்சை என்ற சொல்லை ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் நடுக்கத்தோடு. அடுத்தவர் கட்டிலருகே நின்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பது அந்த வார்டில் எனக்குப் பட்டது.

ஐந்தாம் நாள் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். பின்வீட்டில் பாதியில் நின்றுபோன கட்டுமானத்தில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு கண்டுபிடித்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள்.

பிள்ளை தேறிவிட்டான். நான் தேறவில்லை. நன்றி சொல்லக்கூட ஆலயத்துக்குப் போக முடியவில்லை. வாசலில் கறிப்பாப் விற்கும் பிள்ளைகளை எப்படித் தாண்டி உள்ளே போவது?

*

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் சொன்னேன். அலுவலகத்தில் தணிக்கை வேலை, அதனால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே ஆராதனைக்குப் போய்க்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிள்ளானில் கொமுட்டர் ஏறுவேன். ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பந்தாய் டாலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் யாரும் என்னைத் தெரிந்துகொள்ளாத ஒரு மணி நேரம்.

பிரிக்பீல்ட்ஸ் நான் பிறந்து வளர்ந்த இடம். ஒரு காலத்தில் கோலாலம்பூருக்குச் செங்கல் அறுத்துக் கொடுத்து, பிறகு ரயில்வேக்காரர்களின் ஊரானது. கந்தசுவாமி கோயில், பௌத்த மகா விகாரை, ஜெபமாலை மாதா ஆலயம், சீயோன் லுத்தரன் ஆலயம் என்று நடந்துபோகும் தூரத்திலேயே எத்தனையோ வாசல்கள். ஒளிய நினைப்பவனுக்கு இதைவிட வசதி ஏது? ஒரு தமிழ் ஆலயத்தில் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டேன்.

அதே பெஞ்சில் ஒரு பெரியவரும் உட்காருவார். ரயில்வேயில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதுக்கு மேலிருக்கும். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே ஐந்து கண்ணியும் பாடுவார். ஒரு நாள் ஆராதனை முடிந்து தே தாரிக் குடிக்கும்போது, அன்று பாடிய ஞானப்பாட்டைக் காட்டி, "இத ஜெர்மன்லேர்ந்து தமிழுக்குக் கொண்டாந்தவரு யாருன்னு தெரியுமா தம்பி? கடனுக்கு ஜெயில்ல கெடந்த மனுஷன்" என்றார்.

அவர் சொன்னது யொகான் பிலிப் பெப்ரீசியஸ் பற்றி. 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-இல் இந்தியாவுக்கு வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்தார். வேதத்தைத் தமிழில் திருத்தமாக மொழிபெயர்ப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த அச்சகம் அது. 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் அச்சிட்டார். 1871-இல் வெளிவந்து இன்றுவரை நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் வேதாகமம் இவருடைய தமிழின் மேல் கட்டப்பட்டதுதான். சிட்சையைப் பற்றிய அந்த எபிரெயர் அதிகாரத்தையும் அவர் உட்கார்ந்து சொல் சொல்லாகத் தமிழாக்கியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்குப் பணம் மட்டும் கைவரவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை, ஆற்காட்டு நவாபைச் சுற்றியிருந்தவர்களிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தார். நவாபின் கடன் அந்தக் காலத்தில் இங்கிலாந்து வரைக்கும் பேர்போன சமாசாரம். பணம் திரும்பவில்லை. கொடுத்தவர்கள் கேட்டார்கள். தள்ளாத வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788-இல் மிஷனின் பொறுப்பு கெரிக்கே என்ற இளையவரின் கைக்கு மாறியது. 1791-இல், எண்பது வயதில், பெப்ரீசியஸ் காலமானார்.

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பார், வேதத்தையே மொழிபெயர்த்தவருக்கும் இதே கதைதான்! அந்தத் தைரியத்தில், "எனக்குத் தெரிஞ்ச நண்பர் ஒருத்தரு..." என்று ஆரம்பித்து என் கதையைச் சொன்னேன். தொகையைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. பெப்ரீசியஸுக்கு வந்தது கடவுளின் சிட்சையா, நண்பருக்கு வந்தது சிட்சையா என்று கேட்டேன்.

பெரியவர் கிளாஸை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"அவருக்கு வந்தது என்னான்னு எனக்குத் தெரியாது தம்பி. அவரு உள்ள போனாரு. பதில் சொல்ல வேண்டிய எடத்துல இருந்தாரு. ஒங்க நண்பரு ட்ரெயின் ஏறிட்டாரு போலருக்கே."

*

அன்று நேராக ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. ரொசாரியோ சாலைப் பக்கம் நடந்தேன். நாங்கள் குடியிருந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இருந்த இடம் அது. நூற்றாண்டு பழைய அந்த வீடுகளை இடித்துவிட்டார்கள். எங்கள் வீடு எது இருந்த இடம் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அங்கே முனையில் இருந்த மளிகைக் கடையில் ஒரு ரப்பர் பந்தைத் திருடினேன். அப்பாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. வீட்டில் ரோத்தான் உண்டு. அதே கடையில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு விற்பார்களே, அந்த மெல்லிய பிரம்பு. கெண்டைக்காலில் இரண்டு அடி. (என் மகனை நான் ரோத்தானால் அடிப்பதில்லை. அப்பாவுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.) அடித்து முடித்ததும், "சட்டையப் போடு. வா" என்றார்.

கடைவரை கூடவே நடந்து வந்தார். கடைக்கு எதிர்ப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "நீ போயி குடு. என்ன செஞ்சேன்னு நீயே சொல்லு." நான் தெருவைக் கடந்தேன். பந்தைக் கொடுத்தேன். சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, வைத்துக்கொள் என்றார். திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு அவரே கடைக்காரரிடம் பேசி ஏற்பாடு செய்தார்: நான்கு சனிக்கிழமை காலை நான் கடை வாசலைக் கூட்ட வேண்டும். நான்கு சனிக்கிழமையும் அப்பா எதிர்ப்பக்கத்துக் கடை நிழலில் நின்றார். உள்ளே வரவுமில்லை, விட்டுவிட்டுப் போகவுமில்லை.

அடி எந்தக் காலில் பட்டது என்று இப்போது நினைவில்லை. அந்தத் தெருவைக் கடந்தது நினைவிருக்கிறது.

சிட்சை என்ற சொல்லைப் பற்றி என் அலுவலகத்து மலையாளி நண்பரிடம் பின்னொரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் சிக்ஷை என்றால் தண்டனை என்றார். இந்தியில் அதே சொல்லுக்குக் கல்வி என்று பொருள். தமிழுக்கு வந்த சிட்சையில் இரண்டும் உண்டு. எபிரெயர் நிருபத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லும், பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதைத்தான் குறிக்கிறது. நான் அத்தனை மாதமும் அடியை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். பணம் போனது அடியா, டெங்கி அடியா, அடுத்து எங்கே விழும் என்று. தெருவைக் கடக்கச் சொல்லி ஒருவர் காத்திருப்பது தெரியவே இல்லை.

*

கிள்ளான் நிலையத்துக்கு மனைவி காடியில் வந்திருந்தாள். மகன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். சாவியைத் திருப்ப விடாமல் சொன்னேன். எவ்வளவு என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். "எத்தன நாளா?" என்றாள். அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிரவும் மறுநாளும் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், போதகரிடம் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள்.

சபைக் குழு என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. எந்தப் பதவிக்கும் மூன்று ஆண்டு நிற்கக்கூடாது. மாதம் 400 வெள்ளி வீதம் 29 மாதம் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த நண்பன் காட்டிய திட்டத்தில் எனக்கு வந்த அதே நானூறு. குழுவில் ஒருவர் போலீசுக்குப் போகவேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. இன்னொருவர், விஷயத்தை வெளியே விடாமல் முடித்துக்கொள்ளலாம் என்றார். போதகர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. வாலிபர்களிடம் நானே சொல்ல வேண்டும் என்றார்.

ஞாயிறு பள்ளி அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபத்திரண்டு பேர். எழுதி வைத்துக்கொண்டு போன தாளைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். யாரும் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, கறிப்பாப் விற்பனையை முன்னின்று நடத்தியவள், மெதுவாகக் கேட்டாள்: "அப்போ, எடம் கெடைக்கலன்னு சொன்னது பொய்யாண்ணே?"

ஆமாம் என்றேன்.

கடன் அட்டைகளுக்காக ஏ.கே.பி.கே. அலுவலகம் போனேன். கடனில் சிக்கியவர்களுக்காக பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய நிறுவனம். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசித் தவணையை நம் சம்பளத்துக்குள் கொண்டுவந்து தருவார்கள். நம்மவர்களில் பலருக்கு ஆலோங் எண் மனப்பாடம், இந்த இடம் தெரியாது. அங்கிருந்த மலாய்க்காரப் பெண்மணி, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு, எங்கே, என்ன வட்டி, மாதம் அரிசிக்கு எவ்வளவு. அவ்வளவுதான் கேட்டார். அத்தனை மாதத்தில் முதன்முறையாக அன்று மத்தியானம் பசித்தது.

டிசம்பர் 2017-இல் முதல் தவணை. புதிய பொருளாளர் இருபத்திரண்டு வயதுப் பெண். நான் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து, எல்லாரும் பார்க்க அவளிடம் கொடுப்பேன். அவள் எண்ணி, ரசீது எழுதி, கிழித்துக் கொடுப்பாள். முதல் ஐந்தாறு மாதம் கை நடுங்கியது, எனக்கும் அவளுக்கும். சகேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்த கதையைப் பிரசங்கத்தில் கேட்ட ஞாயிறு, என் மனைவி பக்கத்தில் குனிந்து, "நாம நாலு நூறா குடுக்குறோம்" என்றாள். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது அவள் என்னிடம் சிரித்துப் பேசி.

நிருபத்தில் அந்த அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது. எந்தச் சிட்சையும் அந்த நேரத்தில் துக்கமாகத்தான் தெரியும், பலன் பிற்பாடுதான் என்று. பலனைப் பற்றி நான் பேசுவது அவ்வளவு சரியாக இருக்காது. காசோலை விஷயத்தில் சபை இப்போது கறாராக இருக்கிறது. வெற்றுக் காசோலையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. நான் சம்பளத்தைப் பற்றி மனைவியிடம் பொய் சொல்வதில்லை. அந்தக் கிராணிப் பெரியவரிடம், நண்பர் திரும்பிப் போய்விட்டார் என்று சொன்னேன். "நல்லது, நல்லது" என்று பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

கடைசித் தவணை ஏப்ரல் 2020. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் ஆலயம் பூட்டிக் கிடந்தது. 400 வெள்ளியை இணையம் வழி அனுப்பினேன். அவள் 29-ஆம் ரசீதை எழுதி, படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பினாள். கீழே "நன்றி அண்ணே" என்று மட்டும். கைதட்டல் இல்லை, ஜெபம் இல்லை. நான் சமையலறையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, மகனுக்கு இயங்கலை வகுப்பு ஆரம்பமாகிவிட்டதென்று அவனை எழுப்பப் போனேன்.

முகாம் 2022 டிசம்பரில் நடந்தது. அதே போர்ட்டிக்சன். ஆனால் யாருக்காகப் பணம் சேர்ந்ததோ அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயது தாண்டிவிட்டார்கள். சிலர் சிங்கப்பூரில் வேலை, இருவருக்குத் திருமணமாகிவிட்டது. 11,600 வெள்ளியும் நிதியில் திரும்ப இருந்தது. அவர்களுடைய முகாம் எங்கும் இல்லை. அதற்கு மாதத் தவணை கிடையாது.

நான் சமையல் குழுவில் போனேன். அரிசி மூட்டை தூக்குவது, பாத்திரம் கழுவுவது. மூன்றாம் நாள் காலை ஒரு வாடகைக் காடியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். அன்று ஞாயிறு பள்ளி அறையில் கேள்வி கேட்டவள்தான். இப்போது ஜொகூரில் தாதியாக இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாளாம், ஒரு நாளாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். ஒரு நாளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள். 30 வெள்ளி. பையைத் திறந்து மூன்று பத்து வெள்ளித் தாள்களை எடுத்து என் பக்கம் நீட்டினாள். பொருளாளர் பிள்ளைகளோடு கடற்கரையில் இருந்தார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு, மணலில் இறங்கி அவரைக் கூப்பிடப் போனேன்.